பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும் வாரம்

வாசகர் கேள்வி – பதில்

நீண்ட விடுமுறைக்குப் பிறகு சீனாவுக்குத் திரும்பிய வாசகர்களும், அவர்களை வழியனுப்பிவிட்டு ஊரில் காத்திருக்கும் வீட்டாரும் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பதினான்கு ஆண்டுகளாகக் குவாங்சோவில் குடித்தனம் நடத்துகிறவள் நான். கொரோனா ஆண்டுகள் நீங்கலாக, ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு வந்து, ஆண்டுக்கு ஒரு முறை அதே பூட்டைத் திறந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் கற்றதையே இங்கே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கணவரின் வேலை காரணமாக ஐந்து ஆண்டுகளாகக் குவாங்சோவில் இருக்கிறோம். பொங்கலுக்கு முன்பே ஊருக்கு வந்து, மாமியார் வீடும் அம்மா வீடுமாக ஏழு வாரம் இருந்துவிட்டு மார்ச் தொடக்கத்தில் திரும்பினோம். கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை. தரை, சுவர் எல்லாம் ஈரம். அன்று இரவு பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அழுதுவிட்டேன். பத்து நாளாகியும் எதிலும் மனம் ஒட்டவில்லை. முந்தைய ஆண்டுகளில் இப்படி ஆனதில்லை. எனக்கு ஏதாவது கோளாறா, அம்மா?
— குவாங்சோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: சுவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குக் காரணமும் தெரியும், மருந்தும் தெரியும். நீங்கள் திரும்பிய நேரம் குவாங்தோங் மாநிலத்தில் ‘ஹுய்நான்தியன்’ என்று சொல்லப்படும் ஈரப் பருவம். பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், குளிர் விட்டதும் தென்சீனக் கடலிலிருந்து வெப்பமும் ஈரமும் கலந்த காற்று திடீரென்று உள்ளே வரும். காற்று ஒரே நாளில் சூடாகிவிடும்; ஆனால் வாரக்கணக்கில் குளிர்ந்து கிடந்த தரையும் சுவரும் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. எனவே, குளிர்ந்த நீர் நிறைந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, டைல்ஸிலும் கண்ணாடியிலும் சுவரிலும் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொண்டு வழியத் தொடங்குகிறது. ஆள் நடமாட்டம் உள்ள வீட்டிலேயே இப்படி என்றால், ஏழு வாரம் பூட்டிக் கிடந்த வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் ஊர்ப் பழக்கத்தில், பூட்டிய வீட்டைத் திறந்தால் முதலில் ஜன்னல்களைத்தான் திறந்துவிடுவோம். நானும் முதல் ஆண்டில் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அப்படித்தான் செய்தேன். மறுநாள் காலையில் சாமி அலமாரியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து உரசினேன். குச்சியின் தலை நமுத்துப்போய் மாவுபோல உதிர்ந்தது, பற்றவில்லை. நான்கு குச்சிகளைப் பார்த்துவிட்டு, திரியைத் தொட்டேன். அதுவும் பிழிந்து வைத்த துணிபோல இருந்தது. கணவரின் தோல் செருப்பில் பச்சை கலந்த வெண்மையாகப் பூஞ்சை பூத்திருந்தது. கீழ்வீட்டு மூதாட்டி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், வரிசையாக எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு, பிறகு கையால் சுவரைக் காட்டித் தலையசைத்தார். அன்று கற்றுக்கொண்டேன். இந்தப் பருவத்தில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும், ஜன்னல்கள் மூடியே இருக்கவேண்டும். ஏசியை ஈரம் உறிஞ்சும் முறையில் ஓடவிடவேண்டும், அல்லது ஈரம் நீக்கும் கருவி ஒன்றை வாங்கிவிடவேண்டும். தரையை ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். வடக்கிலிருந்து வறண்ட குளிர்காற்று மீண்டும் வீசும் நாளில் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். ஒரே பகலில் வீடு உலர்ந்துவிடும். பூஞ்சையைத் துடைக்க எல்லாரும் வாங்குவது ‘84’ என்ற எண்ணையே பெயராகக் கொண்ட கிருமிநாசினி. அதைக் கழிப்பறை கழுவும் அமிலத்தோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

இப்போது மனத்தைப் பற்றி. உங்களுக்குக் கோளாறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏழு வாரம் நீங்கள் யாருக்கோ மகளாக, மருமகளாக, அத்தையாக, சித்தியாக இருந்தீர்கள். ஒரு நாளைக்கு நூறு முறை யாராவது உங்களை உறவு சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பிய மறுநாளே கணவர் வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு அங்கே ஒரு நாற்காலியும், பேச நான்கு பேரும், முடிக்கவேண்டிய வேலையும் காத்திருந்தன. உங்களுக்குக் காத்திருந்தது ஈரச் சுவர் ஒன்றுதான். வெளிநாட்டில் குடும்பத்தோடு வாழ்கிறவர்களில் திரும்பி வரும் வாரத்தின் முழுப் பாரமும் பெரும்பாலும் வேலைக்குப் போகாதவர் தலையில் விழுகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் வேண்டுகோள் உங்கள் கணவருக்கு: அடுத்த முறை வேலை தொடங்குவதற்கு முந்தைய இரவு வந்து இறங்காதீர்கள். மூன்று நாள் முன்னதாக வாருங்கள். அந்த மூன்று நாளும் விடுமுறையிலிருந்து வெட்டப்பட்ட நாள்களாக மாமியாருக்குத் தோன்றலாம். ஆனால் வீட்டைத் திறக்கும் வேலையை இரண்டு பேராகச் செய்தால் அழுகைக்கு இடம் குறைவு.

உங்களுக்கு நான் சொல்வது சிறிய காரியங்கள். வந்த முதல் இரவே அரிசியும் உளுந்தும் ஊறப்போடுங்கள். மறுநாள் மாவு பொங்கியிருப்பதைப் பார்க்கும்போது வீட்டில் ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது என்ற எண்ணம் வரும். முதல் காலையில், வாங்கவேண்டியது எதுவும் இல்லையென்றாலும், வழக்கமாகப் போகும் காய்க்கடைக்குப் போங்கள். குவாங்சோ நமக்கு இந்த ஒரு விஷயத்தில் மிகவும் இரங்கிய ஊர்: தண்டுக்கீரை, வள்ளைக்கீரை, பாகற்காய், நீர்ப்பூசணி, வெண்டைக்காய் எல்லாம் சந்தையில் அந்தந்தக் காலத்தில் கிடைக்கின்றன. என் காய்க்காரம்மா ஏழெட்டு வாரம் கழித்து என்னைப் பார்த்தால் “ஹுய்லாய் லா!” என்பார். “வந்தாச்சா!” என்று நம் தெருவில் கேட்கிற அதே கேள்வி, அதே இழுவை. பதில் சொல்ல மொழி அதிகம் தேவையில்லை. சொல்லிவிட்டு ஒரு கட்டுக் கீரையோடு வீடு திரும்பும்போது, இந்த ஊரிலும் நம்மை எதிர்பார்த்த ஒருவர் இருந்தார் என்பது மனத்தில் பதிகிறது. குடியிருப்பு வாயிலில் இருக்கும் காவலாளிக்கும் துப்புரவு செய்யும் அம்மாவுக்கும் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் முறுக்கோ கடலை மிட்டாயோ கொண்டுவந்து கொடுங்கள். வசந்தவிழா என்னும் சீனப் புத்தாண்டு முடிந்து வேலை தொடங்கும் நாள்களில் இங்கே சிவப்பு உறையில் ஐந்து யுவான், பத்து யுவான் ‘லைசீ’ கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. மணமானவர்கள் மணமாகாதவர்களுக்கும், முதலாளிகள் ஊழியர்களுக்கும் கொடுப்பார்கள். தொகை பெரிதாக இருக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நீங்களும் கொடுங்கள்.

மூன்று, நான்கு வாரம் ஆகியும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஆங்கிலம் பேசும் மருத்துவர்கள் இந்த ஊரில் உண்டு.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது. ஃபூஜியான் மாநிலத்தின் சுவன்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே சிவன் கோயில் எழுப்பிய தமிழ் வணிகர்கள் பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து போய்வந்தவர்கள். ஊருக்கும் சீனாவுக்குமாக மனத்தைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த முதல் தமிழர் நாம் அல்ல என்பது எனக்கு எப்போதுமே ஆறுதலாக இருந்திருக்கிறது.

கேள்வி: சூச்சோவில் ஓர் ஆலையில் பணிபுரிகிறேன். மூன்று மாத விடுமுறையில் சென்னையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டேன். குடியிருப்பு அனுமதி பழைய கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. அது முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. “ஏற்கெனவே பதிந்த முகவரிதானே, மறுபடியும் காவல் நிலையத்துக்கு எதற்கு?” என்கிறார் வீட்டுக்காரர். போகத்தான் வேண்டுமா?
— சூச்சோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் நிலையில் கட்டாயம் போகவேண்டும். 2013 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் வெளியேறல், நுழைவு நிர்வாகச் சட்டத்தின்படி, விடுதியில் தங்காமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் தங்கத் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் தம் தங்குமிடத்தைப் பதிந்துகொள்ளவேண்டும். தவறினால் எச்சரிக்கை கிடைக்கும். 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம். வெளிநாடு போய்த் திரும்பி அதே முகவரிக்கே வருகிறவர் மறுபடியும் பதியவேண்டுமா என்பதில் நகரத்துக்கு நகரம் நடைமுறை மாறுகிறது. சில நகரங்களில் கைபேசி வழியாகவே பதியமுடிகிறது. வீட்டுக்காரர் சொல்வது அவருடைய நகர அனுபவத்தில் சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் கடவுச்சீட்டின் எண்ணே மாறிவிட்ட பிறகு, பழைய பதிவு இப்போது நடப்பில் இல்லாத ஓர் ஆவணத்தின் பெயரில் நிற்கிறது. எனவே வாடகை ஒப்பந்தத்தையும் இரண்டு கடவுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு முதல் நாளே போய்விடுங்கள். பத்து நிமிட வேலை. கொடுக்கும் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு அதுவே முதல் ஆவணம்.

அடுத்த படி குடியிருப்பு அனுமதியைப் புதிய கடவுச்சீட்டுக்கு மாற்றுவது. அனுமதியில் பதிவான விவரம் மாறினால் பத்து நாளுக்குள் மாற்றக் கோரவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே, திரும்பிய வாரத்திலேயே நிறுவனத்தின் பணியாளர் பிரிவைத் துரிதப்படுத்துங்கள். வேலை உரிமத்திலும் எண்ணை மாற்றவேண்டும், அதையும் அவர்கள்தான் தொடங்கவேண்டும். விண்ணப்பித்தபின் கடவுச்சீட்டு சில நாள்கள் அலுவலகத்தில் இருக்கும். சட்டம் அதற்கு 15 நாள் வரை இடம் தருகிறது. அந்தக் காலத்தில் கையில் தரும் ஒப்புகைச் சீட்டு நீங்கள் முறைப்படி தங்கியிருப்பதற்குச் சான்று. ஆனால் அதைக் கொண்டு வெளிநாடு போகமுடியாது என்பதால், ஊரில் ஏதேனும் அவசரம் எதிர்பார்க்கும் நிலை இருந்தால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதம் என்பது இப்போது நீண்ட காலமாகத் தோன்றும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை முடிவு நாளுக்கு 30 நாள் முன்னதாகக் கொடுக்கவேண்டும் என்பதை நாள்காட்டியில் இன்றே குறித்துவிடுங்கள். காலம் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை அபராதம், அல்லது 5 முதல் 15 நாள் வரை காவலில் வைப்பு. எனக்குத் தெரிந்த ஒருவர், விடுமுறையைக் கணக்கிட்டாரே தவிர அனுமதி முடியும் நாளைக் கணக்கிடவில்லை. ஊரிலிருக்கும்போதே அது முடிந்துபோய், முதலிலிருந்து விசா வாங்கித்தான் திரும்பமுடிந்தது. விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்தத் தேதியைப் பார்ப்பது நல்லது.

திரும்பி வருகிற வழியில் பழைய, புதிய இரண்டு கடவுச்சீட்டுகளையும் ஒரே உறையில் கையிலேயே வைத்திருங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள். விமான நிறுவனத்திடம் இந்த நிலையை முன்பே எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்வது, நள்ளிரவில் பதிவு மேசையில் நின்று விளக்குவதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: யிவுவில் சிறு வணிகம் செய்கிறேன். தந்தையின் உடல்நிலை காரணமாக ஊரில் நான்கு மாதத்துக்கு மேல் தங்கும்படி ஆயிற்று. திரும்பி இறங்கியபோது சீன எண் இயங்கவில்லை. வீசாட் செயலியை வேறு கைபேசியில் திறக்க அந்த எண்ணுக்கே குறியீடு அனுப்புகிறது. பணமெல்லாம் அதில் இருக்கிறது. டாக்சிக்குக் கொடுக்கக்கூட வழியில்லாமல் நின்றேன். எங்கிருந்து தொடங்குவது?
— யிவுவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தந்தை நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். சீனாவில் அன்றாட வாழ்க்கை முழுவதும் ஒரு கைபேசி எண்ணில் கோக்கப்பட்டிருப்பதால், அந்த எண் அறுந்தால் மாலை முழுவதும் உதிர்ந்துவிடுகிறது. கட்டணம் நிலுவையில் விழுந்தால் முதலில் சேவை நிற்கும். சில மாதத்தில் எண்ணே திரும்பப் பெறப்படும்.

ஆகவே தொடங்கவேண்டிய இடம் தொலைபேசி நிறுவனத்தின் கடை, வங்கி அல்ல. கடவுச்சீட்டோடு நேரில் போய், எண் இன்னும் உங்கள் பெயரில் இருந்தால் நிலுவையைக் கட்டி மீட்டுக்கொள்ளுங்கள். போய்விட்டிருந்தால் புதிய எண் வாங்குங்கள். அதன் பிறகு வங்கி: கணக்கில் பதிந்த எண்ணை மாற்றச் சொல்லுங்கள். வங்கியும் தொலைபேசி நிறுவனமும் உங்கள் பெயரை ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்களா என்று அங்கேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். நம் தந்தை பெயர், தலைப்பெழுத்து விவகாரத்தில் ஓர் இடைவெளி மாறினாலும் இயந்திரம் ஏற்காது. ஒரு முழுப் பகலை இதற்காக இழந்தவர்களை எனக்குத் தெரியும். இவை இரண்டும் முடிந்த பிறகுதான் வீசாட், அலிபே ஆகிய பணம் செலுத்தும் செயலிகள். எண் போய்விட்ட வீசாட் கணக்கை மீட்க, உங்களை அறிந்த நண்பர்களின் உறுதிமொழியையும் கேட்பது உண்டு. யிவுவில் உங்கள் கடைக்கு அடுத்த கடைக்காரர் இதில் உதவுவார். இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொரு கவுன்டரும் உங்களை முந்தைய கவுன்டருக்கே திருப்பியனுப்பும்.

இடைக்காலத்தில் கையில் ரொக்கம் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது சீன மத்திய வங்கியின் விதி, சில்லறைதான் பல இடங்களில் இருக்காது. ஆகவே ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் பத்து, இருபது யுவான் தாள்களாக ஐந்நூறு யுவானைக் கடவுச்சீட்டு உறையிலேயே விட்டுவையுங்கள். அலிபேயில் வெளிநாட்டு வங்கியின் ‘விசா’ அல்லது ‘மாஸ்டர்’ அட்டையை இணைக்கமுடியும். ஒரு முறைக்கு 200 யுவானுக்குள் செலுத்தினால் கூடுதல் கட்டணம் கிடையாது, மேலே போனால் 3 விழுக்காடு. முதல் வாரத்துக்கு இது போதும்.

வீசாட் இந்தியாவில் 2020 ஜூன் 29 முதல் தடை செய்யப்பட்ட செயலி. ஊரிலிருந்தபடியே இவற்றையெல்லாம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துக் கிளம்பக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கிளம்பும் முன்பே எண்ணுக்கு ஆறு மாதத்துக்குப் பணம் போட்டுவிடுங்கள். உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் எண்ணைச் சொல்லிவைத்தால், இருப்பு குறைந்தால் அவரே போட்டுவிடமுடியும்.

கேள்வி: ஷென்சென்னில் 2019 முதல் மென்பொருள் பணியில் இருக்கிறேன். “விடுமுறையை 31 நாளாக்கு, வரியில் நல்லது” என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
— ஷென்சென்னிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அடிப்படை உண்டு. 2019 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, ஓர் ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ சீனாவில் இருப்பவர் வரிக் கணக்கில் அந்நாட்டு வாசி. இப்படித் தொடர்ந்து ஆறு ஆண்டு கழிந்தால், ஏழாம் ஆண்டிலிருந்து, மறுபடியும் 183 நாள் தங்கினால், சீனாவுக்கு வெளியே ஈட்டும் வருமானத்துக்கும் அங்கே வரி வரலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றில் ஒரே பயணமாக 30 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்திருந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஊரில் வாடகை வருமானமோ வைப்புத்தொகையோ உள்ளவர்களுக்கு இது பொருட்படுத்தவேண்டிய செய்தி. விளிம்பில் நிற்காமல் சில நாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள், விமானம் மாறினால் கணக்கு மாறிவிடும். தானியங்கி வாயில்களில் முத்திரை விழாது என்பதால் பயணச் சான்றுகளையும் சேர்த்துவையுங்கள். இந்தியாவில் தங்கும் நாள்களுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. இரண்டு நாட்டு விதிகளையும் அறிந்த ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் செலவிடுவது வீணாகாது.

கேள்வி: திரும்பும்போது அம்மா கட்டிக்கொடுப்பதில் எதையெல்லாம் கொண்டுபோகலாம்? கறிவேப்பிலை, முருங்கைக்காய், நெய், மசாலா எல்லாம் கேட்கிறாள் மனைவி.
— ஷாங்காயிலிருந்து ஒரு வாசகர்

பதில்: புதிய காய், கனி, கீரை, இலை எதுவும் கூடாது, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அதில் அடங்கும். இறைச்சி, கருவாடு கலந்த பொடிகள், முட்டை, வெண்ணெய், பாலாடைக்கட்டி, விதைகள், மண்ணோடு கூடிய செடி எதையும் எடுக்காதீர்கள். நெய்யையும் நான் எடுத்துப்போவதில்லை. சீனாவிலேயே வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்கிறேன். கசகசா வேண்டவே வேண்டாம்: சமையலில் அதைச் சேர்ப்பதற்கே சீனாவில் தடை உண்டு, குருமாப் பொடியில் அது அரைத்துச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வறுத்து அரைத்த சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, காய்ந்த வற்றல் ஆகியவற்றைக் கடையில் அடைத்த பொட்டலமாகக் கொண்டுவருவது எளிது. கறிவேப்பிலைச் செடியைத் தாவோபாவோ என்ற சீன இணையக் கடையில் வாங்கலாம். குவாங்சோவில் என் வீட்டுப் பால்கனியில் அது நன்றாகத் தழைக்கிறது, ஷாங்காய்க் குளிரில் நான்கு மாதம் வீட்டுக்குள் வைக்கவேண்டியிருக்கும். புளி யுன்னானிலிருந்து வருகிறது. சந்தேகமுள்ள பொருள் பெட்டியில் இருந்தால் சுங்கத்தில் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்து அகப்பட்டால் அபராதம்.

கேள்வி: என் ஏழு வயது மகள் சீனப் பள்ளியில் படிக்கிறாள். கோடையில் இரண்டு மாதம் மதுரையில் தாத்தா, பாட்டியோடு இருந்தாள். செப்டம்பர் முதல் நாள் பள்ளி திறந்தபோது வாயே திறக்கவில்லை. “எனக்குச் சீனம் மறந்துவிட்டது” என்று அழுகிறாள். தமிழில் பேசுவதைக் குறைக்கவேண்டுமா?
— நிங்போவிலிருந்து ஒரு தாய்

பதில்: குறைக்காதீர்கள். ஐந்து வயதுக்குப் பிறகு அன்றாடம் கேட்டுப் பேசிய மொழி எட்டு வாரத்தில் அழிவதில்லை. நாக்கு தயங்குகிறது, அவ்வளவுதான். என் மகனுக்கும் இதே வயதில் இப்படி நடந்தது. இரண்டாம் வாரத்தில் மைதானத்தில் பந்துக்காகச் சண்டையிட்டபோது தானாகவே வந்துவிட்டது. எழுத்துகள் மட்டும் உண்மையாகவே மறக்கும், ஏனென்றால் அவை கைப்பழக்கம். அடுத்த கோடையில் ஒரு நாளைக்குப் பத்து எழுத்து தாத்தா முன்னால் உட்கார்ந்து எழுதட்டும். தாத்தாவுக்கும் பேத்தி எழுதுவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். இப்போதைக்கு வகுப்பிலிருந்து ஒரே ஒரு தோழியைச் சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்து, தோசை வார்த்துக் கொடுங்கள். ஆசிரியரிடம் முதல் இரண்டு வாரம் அவளை எழுப்பிக் கேள்வி கேட்கவேண்டாம் என்று சொல்லிவையுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: என் மகன் பத்து ஆண்டுகளாகச் சீனாவில் வேலை பார்க்கிறான். 2020 ஜனவரியில் இரண்டு வார விடுமுறைக்கு வந்தவன் மூன்று ஆண்டு திரும்பமுடியாமல் இங்கேயே மாட்டிக்கொண்டான். அங்கே பூட்டிய வீட்டிலிருந்த பொருளெல்லாம் போயிற்று. இப்போது மறுபடியும் அங்கே இருக்கிறான். ஒவ்வொரு முறை விடுமுறை முடிந்து போகும்போதும் முதல் இரண்டு வாரம் சரியாகப் பேசுவதே இல்லை. கேட்டால் “நெட் இல்லம்மா” என்கிறான். எனக்குத் தூக்கம் வருவதில்லை.
— திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்

பதில்: சகோதரி, உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச் 28 அன்று, செல்லுபடியாகும் விசாவும் குடியிருப்பு அனுமதியும் வைத்திருந்த வெளிநாட்டவருக்கும் சேர்த்துச் சீனா தன் எல்லையை மூடியது. வசந்தவிழா விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர்கள், ஆயிரக்கணக்கான மருத்துவ மாணவர்கள் உட்பட, அப்படியே நின்றுபோனார்கள். நுழைகிறவர்களைத் தனிமைப்படுத்தும் முறை 2023 ஜனவரி 8 அன்றுதான் நீங்கியது. இரண்டு வாரத்துக்கென்று மடித்து வைத்துவிட்டு வந்த துணியை மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தவர்கள், அல்லது பார்க்கவே முடியாமல் போனவர்கள், எனக்குத் தெரிந்தே பலர். உங்கள் மகன் அந்த நாள்களில் உங்கள் கண்ணெதிரில் எப்படி இருந்தான் என்பதை நீங்கள் பார்த்தவர். பூட்டிய கதவுக்கு முன் போய் நிற்கும்போதெல்லாம் அவனுக்கும் அது நினைவுக்கு வரும். அவன் உங்களிடம் சொல்லாமலிருக்கலாம்.

இப்போது வழிகள் திறந்திருக்கின்றன. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஐந்து ஆண்டுக்கு மேல் நின்றிருந்த நேரடி விமானம் 2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு மீண்டும் பறந்தது. டெல்லியிலிருந்தும் அடுத்த மாதமே தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாகப் போய்வருவது வழக்கம்போல நடக்கிறது.

“நெட் இல்லம்மா” என்று அவன் சொல்வதும் பொய்யில்லை. சீனாவின் உள்ளூர் இணையத்தில் வாட்ஸ்அப் இயங்காது. அங்கே எல்லாரும் பேசும் வீசாட் நம் நாட்டில் இயங்காது. இரண்டு கரையிலும் ஒரே படகு இல்லை. இந்திய எண்ணில் ரோமிங் போட்டுக்கொண்டால் வாட்ஸ்அப் வரும். அடுத்த முறை கிளம்பும் முன் ஒரு மாதத்துக்கு அதை நீங்களே போட்டுக்கொடுங்கள். இல்லையென்றால் சாதாரணத் தொலைபேசி அழைப்பே இருக்கிறது. மேலே மற்ற வாசகர்களுக்கு எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்: காவல் நிலையம், வங்கி, கைபேசிக் கடை, ஈரச் சுவர் என்று அந்த இரண்டு வாரமும் அவன் அலைந்துகொண்டுதான் இருப்பான்.

கூப்பிடும்போது “அடுத்து எப்போ வர்றே?” என்று முதல் வாரத்தில் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்காது, பதில் இல்லாததாலேயே அழைப்பைத் தள்ளிப்போடுவான். என்ன சமைத்தான், நீங்கள் கொடுத்தனுப்பிய பொடி அங்கே போய் எப்படி இருந்தது என்று கேளுங்கள், வாயைத் திறப்பான். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. நீங்கள் இரவுச் சாப்பாடெல்லாம் முடித்து ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அவனுக்கு பதினொன்றரை, அப்போது களைத்துப் படுத்திருப்பான். மாலையில் விளக்கேற்றிவிட்டு ஆறரைக்குக் கூப்பிடுங்கள், அவனுக்கு ஒன்பது மணி. சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம் அது.